நாலு அறை வீட்டில் பதினோராயிரம் காலடி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். இந்த 'நலம்' என்ற சொல்லை முழுக்க முழுக்க என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன்; என் பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். அங்கே நீங்களும் என் மகளும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் இருவர் கையிலும் அதே ரகக் கடிகாரம் இருப்பதால், அதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பதில் எழுதவும்.

கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் அலுவலக முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டுக்கு அனுப்பினால் என் மகள்தான் பிரிப்பாள். ஃபோனில் பேசலாமென்றால், நீங்கள் 'சொல்லுங்க மாமா' என்பதற்குள் ஃபோன் அவள் கைக்குப் போய்விடுகிறது. வாட்ஸப்பில் எழுதலாமென்றால் அந்தக் குழுவில் உங்கள் தகப்பனார் இருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் அறிக்கை எழுதிப் பழகிய கை, அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டது.

விஷயம் இதுதான். வரும் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டி பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும் மூட்டை கட்டி, உங்கள் ஒன்பதாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டு போவதாக முடிவு செய்துவிட்டாள். காரணம் கடிகாரம். என் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று அது அவளுடைய ஃபோனுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது, ஒரே வாரத்தில் மூன்று தடவை. மாப்பிள்ளை, அது பச்சைப் பொய். அந்தக் கடிகாரம் ஆரம்பத்திலிருந்தே பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை ஆதாரத்தோடு எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள்தான் அவளிடம் பேசி இந்த வண்டியை நிறுத்த வேண்டும். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். நான் சொன்னால், 'அப்பா, முதல்ல பல்ஸ் என்னன்னு பாருங்க' என்கிறாள்.

உங்கள் வீட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. அருமையான வீடு. ஆனால் அங்கே எங்களுக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள்தான் தெரிகின்றன. இங்கே நான் குடியிருப்பது நானே அளந்து, நானே எல்லைக்கல் நட்டு, நானே நின்று கட்டிய வீடு. இந்த வீட்டில் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாரும் 'மாமா, அங்க உக்காராதீங்க, அது லேப்டாப் வைக்கிற இடம்' என்று சொல்ல முடியாது. ஒரு மனிதனுக்குக் கடைசிக் காலத்தில் அவ்வளவுதான் வேண்டும்.

போன வருடம் என் நெஞ்சில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டு ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் இதயம் என்றால் அது என் இதயம்தான். அதற்காக உங்கள் அத்தை உப்பைக் குறைத்தாள், என் மகள் அழுதாள், நீங்கள் கடிகாரம் வாங்கினீர்கள். அப்போதே மகள் வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். பல மாத வாக்குவாதத்துக்குப் பிறகு, கடிகாரம் வந்த அன்றுதான் ஒப்பந்தமானது: தொண்ணூறு நாள் இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பழகுவதற்கான முதல் பத்து நாள் போகத் தினமும் ஆறாயிரம் காலடி நடந்து, கெட்ட செய்தி எதுவும் வராமல் இருந்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம், தவறினால் ஒன்பதாவது மாடி. துறைப் பழக்கப்படி இதை எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கிவைத்தேன். சாட்சிக் கையெழுத்து உங்களுடையது. மறந்திருக்க மாட்டீர்கள்.

கட்டிய நாளிலிருந்து அது படுத்திய பாட்டைக் கேளுங்கள். முதல் வாரம் சவரக்கடைக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறேன், கத்தி தொண்டைக்குழியில் இருக்கிறது, அப்போது இது மணிக்கட்டில் குளவி மாதிரி உறுமுகிறது. துள்ளி விழுந்தேன். 'எழுந்து சற்று நடமாடுங்கள்' என்று எழுத்து ஓடுகிறது! எவன் கழுத்தில் கத்தி இருக்கிறது, எவனை எழுந்திருக்கச் சொல்கிறோம் என்ற விவஸ்தை வேண்டாமா? நாடிக்குக் கீழே ரத்தம். சவரக்காரர் என்னைவிட அதிகமாகப் பயந்துவிட்டார். "சார், அடுத்த தடவை வந்தா அதைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு உக்காருங்க. அது குதிச்சா என் கத்திக்கு நான் பொறுப்பு இல்ல" என்று கறாராகச் சொல்லிவிட்டார். இருபது வருடப் பழக்கம், இப்போது என்னைப் பார்த்தாலே கையைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது தெருச் சங்கக் கூட்டம். கழிவுநீர்க் கால்வாயைக் கிழக்குப் பக்கமாக வெட்ட வேண்டும் என்று செயலாளர் பிடிவாதம். தரை மேற்கே சாய்ந்திருக்கிறது, தண்ணீர் என்ன உங்கள் தீர்மானத்தைப் படித்துப் பார்த்தா ஓடும் என்று கேட்டு, மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். நல்ல கட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், என் கையிலிருந்து உங்கள் குரல். "மாமா! மாமா! விழுந்துட்டீங்களா? எங்க விழுந்தீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" கூட்டமே திரும்பி என் மணிக்கட்டைப் பார்க்கிறது. மேசையை அறைந்ததை நான் விழுந்ததாக அது கணக்குப் பண்ணி உங்களை அழைத்திருக்கிறது. "நான் விழலை மாப்பிள்ளை, செயலாளரைத்தான் விழவச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அதற்குள் செயலாளர் எழுந்து வந்து என் முதுகைத் தடவி, "ஐயாவுக்கு உடம்பு சரியில்ல, தண்ணி கொண்டாங்க" என்று சொல்லி, அந்த அனுதாபத்திலேயே தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார். இன்றைக்குக் கால்வாய் கிழக்கே போகிறது, தண்ணீர் போகவில்லை. கொசு வந்தால் அந்தக் கொசுவுக்கெல்லாம் இந்தக் கடிகாரம்தான் பொறுப்பு.

இப்போது உங்கள் தகப்பனார். சம்பந்தி மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஒரு கடிகாரம் போதாதென்று அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் வினை. தினமும் காலையில் நான் கண் விழிக்குமுன் குடும்பக் குழுவில் அவருடைய செய்தி வந்து கிடக்கும்: 'நேற்று 8,214. சம்பந்தி எவ்வளவு?' கூடவே ஒரு கை கும்பிடு. அந்தக் கும்பிடுதான் எனக்கு ஆகவில்லை. என்னுடைய கணக்கு அன்றைக்கு 812. எண்ணூற்றுப் பன்னிரண்டு! பெண்ணைக் கொடுத்தவன் என்ற இடத்தில் இருந்துகொண்டு இதை எப்படிப் பொதுவில் எழுதுவது? ஒரு காலத்தில் காடு மேடெல்லாம் அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து மைல் அளந்தவன் நான். சம்பந்தி, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வது போல, ஆயுள் முழுவதும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இவர் என்னைப் பார்த்து எவ்வளவு என்று கேட்கிறார்.

நடந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நடந்தேன், மாப்பிள்ளை. ஒன்பது நாள் நடந்தேன். அந்தப் பட்டை என் மணிக்கட்டில் அரித்துத் தடித்துச் சிவந்துவிட்டது. பத்தாம் நாள் காலை அரிப்புத் தாங்காமல் கழற்றினேன். மேசையில் வைத்தால் 'கடிகாரம் கையில் இல்லை' என்று உடனே மகளுக்குக் கோள் சொல்லும். அதனால் சமையலறையில் நின்ற உங்கள் அத்தையின் கையைப் பிடித்து, "அஞ்சு நிமிஷம் இதைக் கட்டிக்கோ, களிம்பு தடவிட்டு வர்றேன்" என்று கட்டிவிட்டேன். களிம்பு தடவினேன், நாற்காலியில் சாய்ந்தேன், பத்திரிகையைப் பிரித்தேன், அப்படியே மறந்துவிட்டேன். சாயங்காலம் மகள் ஃபோன்.

"அப்பா! பதினோராயிரத்து முந்நூறு ஸ்டெப்ஸ்! நீங்களாப்பா இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதோடு அன்றைக்குச் சம்பந்தியின் கணக்கு வெறும் ஏழாயிரத்துச் சொச்சம். "வேற யாரும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன், உங்களுக்கு மட்டும். அன்றிலிருந்து இன்றுவரை, நாற்பத்தொரு நாளாக, கடிகாரம் உங்கள் அத்தை கையில்தான் இருக்கிறது. மகள் முகம் பார்த்துப் பேசும் எட்டு மணிக்கு மட்டும் என் கைக்கு வரும். பேசி முடித்ததும் திரும்பிப் போய்விடும். உங்கள் அத்தைக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை. முதல் இரண்டு நாள், "ஏங்க, பொண்ணுகிட்ட பொய் சொல்றது நல்லாவா இருக்கு?" என்றாள். இது பொய் இல்லை, இந்த வீட்டில் நடக்கிற நடை மொத்தமாக இந்த வீட்டுக் கணக்கில் சேருகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். "என்னமோ பண்ணுங்க. எனக்கு மணி பார்க்க வசதியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தின் யோக்கியதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைச் சொல்லாமல் முடியாது.

ஏனென்றால் ஒரு வாரம் போனதும் எனக்கே சந்தேகம் தட்டியது. எங்கள் வீடு நாலு அறை. நான் அளக்காத வீடு இல்லை. அடுப்பிலிருந்து பின்வாசல் குழாய் இருபத்திரண்டு அடி, குழாயிலிருந்து துணிக்கொடி பதினாறு, முன்னறைக்கு முப்பத்தொன்று. மாடிப்படி பதினெட்டு. இதற்குள் ஒரு மனுஷி தினமும் பதினோராயிரம் காலடி நடக்கிறாள் என்றால், குத்துமதிப்பாக நாலரை மைல்! வெளியே கால் வைக்காமல் நாலரை மைல் எங்கிருந்து வரும்? கருவி காற்றை எண்ணுகிறது என்று முடிவுகட்டினேன். ஆனால் எங்கள் துறையில் வாயால் சொன்னால் எடுபடாது; சரிபார்ப்பு அளவு வேண்டும். எனவே போன வாரம் ஒரு நாள் குறிப்புப் புத்தகம், பென்சில், நாடாவோடு காலை ஐந்தரை மணியிலிருந்து அவள் பின்னாலேயே போய் ஒவ்வொரு காலடியையும் எண்ணினேன். பத்துக்கு ஒரு கோடு, நூறுக்கு ஒரு கட்டம்.

"என்னங்க இது, பின்னாடியே வந்து அளக்கறீங்க? நான் என்ன வாய்க்காலா?"

"பேசாதே. எண்ணிக்கை விட்டுப்போகும்."

"அப்ப அந்த வாளியையாவது தூக்கிட்டு வாங்க."

"அளக்கிறவன் பொருளைத் தொடக் கூடாது. அளவு கெட்டுப்போகும்."

மதியத்துக்குள் எனக்குக் கால் வீங்கிவிட்டது. முன்னறையிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பின்வாசல், திரும்ப அடுப்படி, என் காப்பிக்காக முன்னறை, என் மாத்திரைக்காக மாடி, மாத்திரைக்குத் தண்ணீர் மறந்ததால் கீழே, மறுபடி மாடி. என் கண்ணாடியைத் தேடி மட்டும் நூற்று நாற்பது காலடி. அது என் தலையில் இருந்தது. சாயங்காலம் கூட்டிப் பார்க்கிறேன்: என் புத்தகத்தில் பதின்மூன்றாயிரத்து நானூற்று எண்பது. கடிகாரத்தில் பதினோராயிரத்து இருபது. இரண்டாயிரத்து நானூற்று அறுபது காலடியை முழுங்கியிருக்கிறது!

எங்கே முழுங்குகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். கை வீசினால்தான் அதற்கு நடை. இரண்டு கையிலும் வாளியோ துணிக்கூடையோ இருந்தால் கை வீசாது, அதற்கு அது நடையே இல்லை. நானே வாளியைத் தூக்கிக்கொண்டு இருபது காலடி நடந்து பார்த்தேன், மூன்று என்றது. சம்பந்தி வெறுங்கையை வீசிக்கொண்டு பூங்காவைச் சுற்றினால் ஒன்று விடாமல் எண்ணும். இவள் தண்ணீர் சுமந்தால் எண்ணாது. இது என்ன நியாயம்? எனக்கு வந்த கோபத்தில் அன்று மாலை முதல் வாளியை நானே தூக்கினேன், அவளுடைய கை வீசட்டும் என்று. இரண்டு நாள் தூக்கினேன். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது.

அந்த அளவையில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. உங்கள் அத்தை ஒரே சீராக நடப்பதில்லை. பின்வாசலில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். ஒரு நிமிடம், சில சமயம் ஒன்றரை. மாடிப்படியில் எட்டாவது படியில் ஒரு நிறுத்தம். அன்று மட்டும் ஐந்து தடவை. எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று பாருங்கள். "ஏன் நிக்கறே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான். நீங்க எழுதுங்க" என்கிறாள். 'தாமதம், காரணம் இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அளவுப் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

அடுத்து, தூக்கம். நான் படுத்தால் கட்டை. எட்டு மணி நேரத்துக்குக் குறைந்து நான் தூங்கியதாகச் சரித்திரமே இல்லை. என் குறட்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றிக் கட்டினார். கடிகாரமோ, 'நாலு மணி ஐம்பது நிமிடம், ஆறு முறை விழிப்பு' என்று தினமும் எழுதுகிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மனசுல என்ன கவலை? என்கிட்ட சொல்லுங்கப்பா" என்று தழுதழுக்கிறாள். எனக்கு என்ன கவலை? இந்தக் கடிகாரம்தான் கவலை.

இப்போது முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை பத்தே கால், புதன்கிழமை பதினொன்றரை, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. இந்த மூன்று நேரத்திலும் 'இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள்' என்று மகளின் ஃபோனுக்குத் தகவல் போயிருக்கிறது. திங்கள் பத்தே காலுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முன்னறை நாற்காலியில், பத்திரிகை முகத்தை மூடியிருக்க, அரைத் தூக்கத்தில். புதன் பதினொன்றரைக்கும் அதே நாற்காலி. வெள்ளி நாலு மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இதில் இதயம் எங்கே தாறுமாறாகும்?

ஆனாலும் மகள் விடவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் போனேன். நெஞ்சில், கையில், காலில் எல்லாம் ஒயரை ஒட்டி நீளமாக ஒரு காகிதம் எடுத்தார், எக்கோ எடுத்தார், நடக்கவைத்தும் பார்த்தார். "உங்க இதயத்துக்கு ஒண்ணுமே இல்ல. அப்படியே கடிகாரம் மாதிரி துடிக்குது" என்றார். "எந்தக் கடிகாரம் மாதிரி டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்து, "அந்த வாட்சை எப்பவும் நீங்கதானே கட்டியிருக்கீங்க?" என்றார். அவர் என் மகளோடு ஃபோனில் பேசுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். "நான்தான். வேற யார் கட்டுவாங்க?" என்றேன். "அப்ப அதுலதான் ஏதோ கோளாறு. கழட்டி எறிங்க" என்று சொல்லிவிட்டார். படித்த டாக்டரின் வாக்குமூலம், மாப்பிள்ளை! காகிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? என் இதயம் சுத்தமாக இருக்கிறது. அது கெட்டிருக்கிறது என்கிறது கடிகாரம். ஆகக் கடிகாரம் கெட்டிருக்கிறது.

எனவே உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது: இந்தக் காகிதத்தை என் மகளிடம் காட்டி, பதினைந்தாம் தேதி வண்டியை ரத்து செய்யுங்கள். நாற்பத்தொரு நாள் விவகாரத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். சம்பந்தியிடம் கனவிலும் சொல்ல வேண்டாம். கடிகாரத்தைப் பெட்டியோடு நாளைக்கே கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். அதைச் செய்து விற்ற கம்பெனிக்கு, உழைக்கிறவர்களின் நடையை எண்ணாமல் விடுவது பற்றியும், நல்ல இதயத்தின் மீது அவதூறு சொல்வது பற்றியும், நீங்கள் நல்ல ஆங்கிலத்தில் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். என் ஆங்கிலம் எல்லைத் தகராறுக்குத்தான் சரிப்படும்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல், நூறாண்டு வாழ வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனதார ஆசீர்வதிக்கிறோம். உங்கள் தாயாருக்கு எங்கள் அன்பு. தகப்பனாருக்கும்தான்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை என்றும் நாடும்,
முழு ஆரோக்கியத்துடன் உள்ள மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை நேற்றுக் காலை எழுதினேன். என் கடிதங்களில் எழுத்துப்பிழை பார்ப்பது உங்கள் அத்தை. ஒட்டுமுன் இன்று காலை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, நின்றபடியே படித்தாள். சவரக்கடையில் சிரித்தாள். வாளியில் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னங்க, திங்கக்கிழமை பத்தே காலுக்கு இது என் கையிலதானே இருந்தது?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

அளவு தப்பாக வந்திருக்கிறது என்று யார் வந்து நின்றாலும், முப்பத்து நான்கு வருடமாக நான் கேட்ட முதல் கேள்வி, கருவி எங்கே நின்றது என்பதுதான். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் கேட்கவில்லை. அவள் ஐந்து தடவை நின்றதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளை. காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

அப்படியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். சனிக்கிழமை அவரிடம் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கும் ஒயரை ஒட்டிக் காகிதம் எடுத்தார். துடிப்பு தாளம் தப்புகிறதாம். விட்டு விட்டு வருவதால் வெளியே தெரியாதாம். "எத்தனை நாளா மூச்சு வாங்குது?" என்று கேட்டார். "ஒரு வருஷம் இருக்கும் டாக்டர். இவருக்கு ஸ்டென்ட் வச்ச சமயம். அப்பப் போய் என் கதையை யார்கிட்ட சொல்றது?" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் இங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். மாத்திரையில் கட்டுப்படும் என்கிறார். இப்படியே விட்டிருந்தால் ரத்தம் உறைந்து ஒரு நாள் மூளையில் போய் அடைத்திருக்கும், பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள் என்றார். "நல்ல வேளை. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் அவளைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் என்னைக் காட்டி, "இவர் நடக்காம ஏமாத்தினாரு சிஸ்டர், அதுலதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நர்ஸும் சிரித்தார். என்னால் முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உங்கள் கைக்கு வருமுன் நீங்கள் இருவரும் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். ஆனாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே எழுதியதை என் மகளும் படிக்கட்டும், சம்பந்தியும் படிக்கட்டும். கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒன்று மட்டும் பாக்கி, அதை இங்கே எழுதிவிடுகிறேன். வண்டியை ரத்து செய்ய வேண்டாம், மாப்பிள்ளை. ஒன்பதாவது மாடியோ பத்தொன்பதாவது மாடியோ, குளியலறைக் குழாயோ எதுவோ, நான் வருகிறேன். அவளை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள அங்கே மூன்று பேர் இருக்கிறோம்; எங்கள் வீட்டில் இத்தனை நாள் ஒருவர்கூட இல்லை.